ரவை டப்பாவுக்குள் இருக்கும் மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 39. எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மகன் இருக்கிறான். மாமியாருடன் கூட்டுக் குடும்பம். மூன்று ஆண்டுகளாக முகமும் வயிறும் ஊதி, கைகால்கள் மெலிந்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறிவிட்டன. ‘குஷிங் சிண்ட்ரோம்’ என்று இப்போதுதான் கண்டுபிடித்தார்கள். இடது அட்ரீனல் சுரப்பியில் 3 செ.மீ. கட்டி. அடுத்த மாதம் லேப்ராஸ்கோப்பி முறையில் ஆபரேஷன். வீட்டில் ‘வயிற்றில் சின்னக் கொழுப்புக் கட்டி’ என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். கணவருக்கும் அவ்வளவுதான் தெரியும். ‘தின்றே ஊதிவிட்டாள்’ என்று சொல்லும் மாமியாரிடம் ஹார்மோன் நோய் என்று சொல்ல மனம் வரவில்லை. மாத்திரைகளை ரவை டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். சமையலறையில் ஆள் இருந்தால் அன்றைய மாத்திரை தவறிவிடும். மற்றபடி ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். மாமியாரின் சர்க்கரை மாத்திரைகள் ஃபிரிட்ஜ் மேலே இருக்கும். வேளை தவறாமல் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. அதற்குள் அடுப்படியில் நிற்க முடியுமா? என் பழைய முகம் திரும்ப வருமா?

— பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

பத்தாம் நாள் அடுப்படியில் நிற்க முடியாது. முகம் பல மாதங்களில் மெல்ல மெல்லத் திரும்பும். நீ கேட்ட இரண்டுக்கும் பதில் இவ்வளவுதான். நீ கேட்காமல் விட்ட ஒன்றைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

அந்த ரவை டப்பா.

‘மற்றபடி ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்’ என்று எழுதியிருக்கிறாய். கூட்டுக் குடும்பத்துச் சமையலறையில் ஆள் இல்லாத நேரம் எது, சொல். வாரத்தில் எத்தனை நாள் தவறியது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாயா? மாமியாரின் மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. அதைப் பெருமையாக எழுதுகிறாய். அதே கைதான் உன் மாத்திரையை ரவைக்குள் புதைக்கிறது.

இந்த ஒளிப்பிடங்கள் எனக்குப் பழக்கமானவை. பருப்பு டப்பா, புடவை மடிப்பு, தலையணை உறை. தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை. இப்படி ஒளித்து வைப்பதாக எனக்கு எழுதியவர்கள் எல்லோரும் பெண்கள். ஒரு ஆண் தன் மாத்திரையை ஒளித்து வைத்ததாக இன்றுவரை ஒரு கடிதம் வந்ததில்லை.

ஆனால் மகளே, அவர்களுடைய ஒளிப்பிடமும் உன்னுடையதும் ஒன்றல்ல. அடுத்த மாதத்திலிருந்து நீ ஒளித்து வைக்கப்போவது வேறு மாத்திரை.

சிறுநீரகங்களின் தலைமேல் ஒவ்வொன்றாக உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் நாலைந்து கிராம் எடைதான் இருக்கும். விடியலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை ஏற்றி, நள்ளிரவில் இறக்கிவைப்பது அவற்றின் வேலை. மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி கட்டளையிட்டால்தான் அவை சுரக்கும். உன் இடப்பக்கக் கட்டியோ யாரையும் கேட்காமல் இரவும் பகலும் கார்ட்டிசாலைச் சுரந்துகொண்டிருக்கிறது. அந்த மிகுதிதான் குஷிங் சிண்ட்ரோம். இவ்வளவு இருக்கும்போது எதற்கு என்று பிட்யூட்டரி கட்டளையிடுவதையே நிறுத்திவிட்டது. அதனால், எந்தக் கோளாறும் இல்லாத உன் வலது சுரப்பி வேலை மறந்து சுருங்கிக் கிடக்கிறது. கட்டியை எடுத்ததும் கார்ட்டிசால் மடமடவென்று இறங்கும். வலது சுரப்பி விழித்துக்கொள்ள மாதக்கணக்காகும். பலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டிவிடுகிறது. அதுவரை கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரைதான் உனக்குச் சுரப்பி.

அந்த மாத்திரையின் முதல் வேளை, காலையில் கண் விழித்ததும். உன் வீட்டுச் சமையலறையில் ஆள் நிறைவதும் அந்த நேரத்தில்தானே?

இரத்த அழுத்த மாத்திரை ஒரு நாள் தவறினால் மறுநாள் சமாளித்துவிடலாம் என்ற பழக்கத்தில் நீ இருக்கிறாய். ஆபரேஷன் நெருங்கும் நேரத்தில் அதுவே தவறு. ஹைட்ரோகார்ட்டிசோனிடம் அந்தப் பழக்கம் செல்லாது. வேளைகள் தவறினால், அல்லது காய்ச்சலும் வாந்தியும் வந்து மாத்திரை உள்ளே தங்காமல் போனால், இரத்த அழுத்தம் சரியும், வயிறு வலிக்கும், பேச்சு குழறி, நினைவு மங்கும். சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடிய நிலை அது. பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி உடனே போடுவார்கள், போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் ஊசி போட வேண்டும் என்று அவசரப் பிரிவு டாக்டருக்கு யார் சொல்வது? உன்னால் பேச முடியாது. உன் கணவர், ‘கொழுப்புக் கட்டி எடுத்தார்கள் சார், என்ன சாப்பிட்டாளோ, வாந்தி எடுக்கிறாள்’ என்று சொல்வார். அவருக்கு நீ சொல்லிவைத்தது அதுதானே?

லண்டனில் தாமஸ் அடிசன் என்ற மருத்துவர், அட்ரீனல் சுரப்பி பழுதானவர்கள் இளைத்து, தோல் கறுத்து, துவண்டு இறந்துபோவதை 1855-ஆம் ஆண்டில் விவரித்து எழுதினார். நோய்க்குப் பெயர் கிடைத்தது. சரியான மருந்து கிடைக்க ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. கார்ட்டிசாலின் நெருங்கிய உறவான கார்ட்டிசோனைக் கண்டெடுத்த ஆய்வுக்கு 1950-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த நூறு ஆண்டுகளும் காப்பாற்ற வழி தெரியாமல் மனிதர்களைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். உனக்கு வழி கையில் இருக்கிறது. அதைத்தான் ரவைக்குள் போட்டு மூடப் போகிறாய்.

உன் கணவர்மீது எனக்குக் கோபம் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக மனைவியின் முகம் கண்ணெதிரே மாறியிருக்கிறது. குஷிங் நோயில் தொடைத் தசை தளர்ந்து, தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாது. இலேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போகும். இதையெல்லாம் பார்த்தும் பக்கத்தில் உட்கார்ந்து ‘உனக்கு என்னம்மா?’ என்று கேட்காத மனிதரை நான் நியாயப்படுத்த மாட்டேன். அவருடைய அம்மா ‘தின்றே ஊதிவிட்டாள்’ என்றபோது அவர் தடுத்திருக்க வேண்டும்.

அதற்காக உன்னையும் விடுவதாக இல்லை. கட்டிய கணவன் செய்ய வேண்டிய கடமை ஒன்று இருக்கிறது. அதை அவர் கையில் கொடுக்காமல் நீயே பூட்டி வைத்துக்கொண்டாய். இதைக் குடும்பத்துக்காகச் செய்யும் தியாகம் என்று நினைக்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. வளைகாப்புக்குப் பலகாரம் சுடுவது மட்டும் குடும்பம் ஆகாது. ராத்திரி இரண்டு மணிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் குடும்பம்தான். அப்படி ஓடுகிறவர்களுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டாமா? எட்டாம் வகுப்புப் பையன் 108-க்கு போன் செய்வான். ‘அம்மாவுக்கு அட்ரீனல் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி வேண்டும்’ என்று தெளிவாகச் சொல்வான். சொல்லிக்கொடுத்தால் சொல்வான்.

மாமியாரிடம் சொல்ல மனம் வரவில்லை என்கிறாய். அவர் சர்க்கரை நோயாளி, மாத்திரையோடு வாழ்கிறவர். அவரிடம், ‘அத்தை, நான் தின்று ஊதவில்லை. ஒரு சுரப்பி கெட்டுப்போய் என் உடம்பை ஊதவைத்தது. உங்களுக்குச் சர்க்கரை மாதிரி எனக்கு இது’ என்று ஒரே மூச்சில் சொல். இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பிக்கொள்ளட்டும்.

சொல்லியே ஆக வேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு நீ உடனே தேறி எழுந்து நிற்கப்போவதில்லை. வருடக்கணக்காகக் கார்ட்டிசாலில் ஊறிய உடம்பு அது குறைந்ததும் தவித்துப்போகும். மூட்டுக்கு மூட்டு வலி, பசியின்மை, தோல் உரிதல், காரணமில்லாத அழுகை, படுக்கையை விட்டு எழ முடியாத அசதி எல்லாம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். மாத்திரை சரியாகச் சாப்பிட்டாலும் வரும். ‘கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, இன்னும் என்ன படுக்கை?’ என்று உன் வீட்டில் கேட்பார்கள். விவரம் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். நீயும் ரோஷப்பட்டு எழுந்து இட்லி மாவு கிரைண்டரைத் தூக்குவாய். இந்த நோய் எலும்பையும் அரித்திருக்கும், தையலும் மெதுவாகத்தான் ஆறும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது கணவரை உடன் அழைத்துப் போ. வேலை இருக்கிறது என்றால் லீவு போடட்டும். எத்தனை மாத்திரை தவறியது என்பதை டாக்டரிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் மறைக்காமல் சொல். இரத்த அழுத்தம், சர்க்கரை, பொட்டாசியம் மூன்றும் கட்டுக்குள் இருக்க வேண்டும். பல் வலி, சீழ்க்கட்டி, தோல் மடிப்பில் புண் எதுவானாலும் இப்போதே காட்டிவிடு. இந்த நோயில் கிருமித் தொற்று சுலபமாக வரும், காய்ச்சல்கூடக் காட்டாமல் பதுங்கியிருக்கும். உடம்பு வலிக்கு யாராவது கொடுத்த பொடியோ லேகியமோ சாப்பிட்டிருந்தால் அதையும் எடுத்துப் போ. சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு.

விசேஷ வீட்டில் வழக்கமாக நடக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வளைகாப்புக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக் கடையில் நீயாக வாங்கிப் போடாதே. குஷிங் நோயாளிகளுக்குக் காலில் இரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே அதிகம். ஆபரேஷன் சமயத்தில் இன்னும் அதிகம். அதற்காகத்தான் ஊசி போடுவார்கள், சீக்கிரம் எழுந்து நடக்கச் சொல்வார்கள். கால் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ வாய் திறந்து சொல்.

காய்ச்சல் வந்தால் மாத்திரையின் அளவை எவ்வளவு கூட்ட வேண்டும், வாந்தி வந்தால் எங்கே போக வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் ஆகும் முன் டாக்டரிடம் தமிழில் எழுதி வாங்கு. ஒரு பிரதி உன் பர்ஸில், ஒன்று கணவரின் சட்டைப் பையில், ஒன்று ஃபிரிட்ஜ் கதவில் இருக்கட்டும். ‘இப்போது நன்றாக இருக்கிறேனே’ என்று நீயாக மாத்திரையைக் குறைக்காதே. டாக்டர் சொன்னால்தான் குறைக்க வேண்டும்.

வளைகாப்புக்கு நாத்தனார் சமையல்காரரை அமர்த்திக்கொள்வார். நீ முடிந்தால் போய் நாற்காலியில் உட்கார்ந்து, பெண்ணுக்கு வளையல் பூட்டிவிட்டு வா. முடியாவிட்டால் வீட்டிலேயே இருந்து வாழ்த்து.

இன்று ராத்திரி கணவரிடம் பேசு. நாளைக் காலையில் அந்த டப்பாவைக் கவிழ்த்து, மாத்திரை அட்டைகளைத் துடைத்து, ஃபிரிட்ஜ் மேலே அத்தையின் மாத்திரைகளுக்குப் பக்கத்தில் வை. ஆபரேஷன் முடிந்து வீடு வந்ததும் எனக்கு ஒரு கடிதம் வர வேண்டும். நீ எழுத வேண்டாம். உன் மகன் எழுதட்டும்: அம்மாவின் மாத்திரை பெயர் என்ன, எந்தெந்த வேளைக்கு எவ்வளவு, தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று, யாரையும் கேட்காமல், அவன் கையெழுத்தில்.