பழைய மாடல் 19: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன். 1970களில் செய்த ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 19, .357 மேக்னம் ரிவால்வர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். நீலப்பூச்சு தேய்ந்திருக்கிறது, சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுகிறது, சுடும்போது பக்கவாட்டில் ஈயத்துகள் தெறிக்கிறது. செலவு செய்து சரிபண்ணலாமா, புதிது வாங்குவதே மேலா?

பதில்: ஆட்டமும் தெறிப்பும் சரிபண்ணக்கூடியவைதான். குழலின் பின்வாயில் விரிசல் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் முடிவு.

சிலிண்டரைத் திறந்து, தோட்டா ஒன்றுகூட இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். சிலிண்டர் திறந்தபடியே இருக்க, ஃபிரேமுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குழலின் பின்வாயைக் கரைப்பானும் பித்தளைப் பிரஷும் போட்டுச் சுத்தமாகத் துடையுங்கள். கரி படிந்திருந்தால் விரிசல் தெரியாது. பிறகு டார்ச் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்து அதன் அடிப்பக்கத்தை, அதாவது கடிகாரத்தில் 6 மணி இருக்கும் இடத்தைப் பாருங்கள். சிலிண்டர் மூடுவதற்கு இடம்விட வேண்டி அந்த இடத்தைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். அதனால் அங்கே உலோகம் மெல்லியது. வேகமான 125 கிரெய்ன் (குண்டின் எடை) மேக்னம் தோட்டாக்களை நிறையச் சுட்ட துப்பாக்கிகளில் முதலில் பிளப்பதும் அங்கேதான்.

மயிரிழை விரிசல் இருந்தாலும் அதோடு சுடுவதை நிறுத்துங்கள். வேறு குழல் போடலாம் என்பார்கள். ஆனால் அந்தக் காலத்தில் ஃபிரேமின் குறுக்கே ஊசி (pin) அடித்துப் பூட்டிய குழல்கள் 1980களின் தொடக்கத்தோடு நின்றுபோயின. பழைய குழல் தேடி வாங்கி, கூலியும் கொடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. மாற்றிவிடுவதே நல்லது.

விரிசல் இல்லையென்றால் தாராளமாகச் சரிபண்ணலாம். முதலில் ஆட்டத்தை அளக்க வேண்டும். காலிச் சிலிண்டரை மூடி, பின்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். பிறகு முன்னால் தள்ளிப் பிடித்து மறுபடி அளங்கள். பின்னால் 0.009, முன்னால் 0.004 அங்குலம் என்று வந்தால் ஆட்டம் 0.005. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குக்குள் இருக்க வேண்டியது இது. 0.002 அங்குல எண்ட்ஷேக் வாஷர் (இந்த ஆட்டத்தைக் குறைக்கும் மெல்லிய வளையம்) இரண்டு போட்டால் 0.001க்கு இறங்கிவிடும். பின்னால் அழுத்தி அளந்த இடைவெளியே 0.012ஐத் தாண்டினால் கதை வேறு. குழலைக் கழற்றி, லேத்தில் கடைந்து உள்ளே இறக்க வேண்டும், செலவும் ஏறும்.

ஈயத்துகள் தெறிப்பதற்குப் பெரும்பாலும் காரணம், சிலிண்டரில் தோட்டா இருக்கும் அறை குழலுக்கு நேராக வந்து பூட்டாததுதான். சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்துக்கொண்டு ஹேமரை மெல்ல இழுங்கள். ஹேமர் முழுக்க நிற்பதற்கு முன்பே சிலிண்டர் டக்கென்று பூட்ட வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றிரண்டு அறை மட்டும் பிந்தினால் எக்ஸ்ட்ராக்டரின் (காலிக் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் துண்டு) பல் தேய்ந்திருக்கிறது. எல்லாமே பிந்தினால் சிலிண்டரைத் தள்ளும் ஹேண்ட் தேய்ந்திருக்கிறது. கொஞ்சம் தடித்த ஹேண்டை அரம் போட்டுப் பொருத்தினால் சரியாகும். இது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை, வீட்டில் செய்யாதீர்கள். அப்படியே இதையும் பாருங்கள்: ஹேமரை இழுத்து நிறுத்தி, டிரிகரைத் தொடாமல் பின்னாலிருந்து கட்டைவிரலால் அழுத்துங்கள். விழுந்தால் ஆபத்து. அதைச் சரிபண்ணாமல் ஒரு தோட்டாகூடப் போடக் கூடாது.

வீட்டில் திறப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 1970களின் மாடல்களில் எஜெக்டர் கம்பிக்கு (எக்ஸ்ட்ராக்டரைத் தள்ளும் கம்பி) இடதுமரை. வழக்கம்போல இடப்பக்கம் திருகினால் கழலாமல் இன்னும் இறுகும். இரண்டு மூன்று அறைகளில் காலிக் கூடுகளைப் போட்டுவிட்டுத்தான் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸ்ட்ராக்டர் வளையும்.

ஃபிரேமின் மேல்பட்டையில், குழலும் சிலிண்டரும் சந்திக்கும் இடத்துக்கு மேலே, நெருப்பு அரித்த கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஓர் ஆழத்தோடு அது நின்றுவிடும். நீலப்பூச்சையும் விட்டுவிடுங்கள். மறுபூச்சு போட்டால் சேகரிப்பவர்களிடம் விலை குறையும், சுடுவதில் ஒரு வித்தியாசமும் வராது.

சரிபண்ணிய பிறகு பயிற்சிக்கு .38 ஸ்பெஷல் சுடுங்கள். மேக்னம் வேண்டுமென்றால் 158 கிரெய்ன், அதுவும் அளவோடு. 125 கிரெய்ன் மேக்னத்தைத்தான் நிறையச் சுடப் போகிறீர்கள் என்றால், இதை விற்றுவிட்டு ஸ்மித் அண்ட் வெஸனின் எல் ஃபிரேம் (இதைவிடப் பெரிய ஃபிரேம்) 686 போலக் கனமான ஒன்றை வாங்குங்கள்.