வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாய்க்குட்டி: தீபாவளிக்குள் என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்குட்டி கருப்பனுக்கு மூன்றரை மாதம். போன வாரம் தெருவில் ஒரு இறுதி ஊர்வலத்தில் வெடி போட்டார்கள். அப்போது கட்டிலுக்கு அடியில் புகுந்தவன் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. இப்போது மிக்ஸி ஓடினாலும் குக்கர் விசில் அடித்தாலும் ஓடி ஒளிகிறான். தீபாவளிக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான் இருக்கிறது. "பக்கத்துல கட்டிப்போட்டு நாலு வெடி போடுங்க, பழகிடும்" என்கிறார் மாமனார். "பயப்படும்போது கொஞ்சினா பயம் கூடும்" என்கிறார் கணவர். எது சரி?
– வாசகி, மதுரை

பதில்: இரண்டுமே சரியில்லை. அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதை உங்கள் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுகிறேன்.

ஆபத்தானது மாமனாரின் யோசனைதான். ஓட வழியில்லாமல் கட்டப்பட்ட குட்டி, நாலாவது வெடிக்கு அசையாமல் கிடக்கலாம். அது பழகிவிட்டது என்று அர்த்தமில்லை, பயத்தில் உறைந்து போயிருக்கிறது. அடுத்த முறை வெடியைப் பார்த்து மட்டுமல்ல, கட்டிய கயிற்றையும் கட்டியவரையும் பார்த்தும் மிரளும்.

கணவர் சொல்வது பல வருடங்களாகச் சுற்றிவரும் நம்பிக்கை. 'உட்கார்' என்றால் உட்காருவது போலப் பரிசுக்காகச் செய்கிற காரியமல்ல பயம். தடவிக் கொடுப்பதால் அது வளராது. மடிக்கு வந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு அடியில்தான் இருப்பேன் என்றால் இழுத்து வெளியே எடுக்காமல் அங்கேயே விடுங்கள்.

பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை, எதெல்லாம் சாதாரணம் என்று குட்டியின் மூளை கற்றுக்கொள்கிற காலம். பார்வோ என்கிற வைரஸ் நோய்க்குப் பயந்து தடுப்பூசி முடியும்வரை நாம் குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். அதில் தப்பில்லை, ஆனால் தெருச் சத்தம் எதுவும் பழகாமல் போய்விடுகிறது. (இதைப் படிப்பவர்களில் இரண்டு மாதக் குட்டி வைத்திருப்பவர்கள், தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று பஸ், ஹாரன், மேளம் எல்லாம் தூரத்திலிருந்து கேட்கவையுங்கள்.) கருப்பனுக்கு அந்தக் காலம் இப்போதுதான் முடிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் மாற்றலாம், கொஞ்சம் பொறுமை அதிகம் வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான்: சத்தம் கேட்டால் அடுத்து நல்லது ஒன்று வரும் என்று அவனுக்குப் புரியவைப்பது. உப்பு, மசாலா, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழியைச் சுண்டுவிரல் நகமளவு பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயிற்சிக்கு மட்டும்தான் அது. வெடிச் சத்தப் பதிவு ஒன்றை, உங்களுக்கே காதைத் தீட்டினால்தான் கேட்கும் என்கிற அளவுக்குக் குறைத்து ஓடவிடுங்கள். நமக்குக் கேட்காத பல சத்தங்கள் நாய்க்குக் கேட்கும். சத்தம் வந்ததும் கோழி, நின்றதும் கோழியும் நின்றுவிட வேண்டும். வரிசை முக்கியம். முதலில் கோழியைக் காட்டிவிட்டு அப்புறம் சத்தம் போட்டால், கோழியைக் கண்டாலே ஏதோ வரப்போகிறது என்று மிரள ஆரம்பித்துவிடும்.

எவ்வளவு சத்தம் சரி என்பதை அவன் வாய்தான் சொல்லும். வாங்கித் தின்றால் சரி. முகத்தைத் திருப்பினாலோ, தூக்கம் வராதபோது கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ, வாலை உள்ளே இழுத்தாலோ சத்தம் கூடிவிட்டது. அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் இன்னும் குறைவாகத் தொடங்குங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். சத்தம் கேட்டதும் கோழி எங்கே என்று உங்கள் முகத்தைப் பார்த்தால், அடுத்த நாள் ஒரு புள்ளி கூட்டலாம்.

போன் ஸ்பீக்கரில் ஒரு குறை உண்டு. இடியிலும் அணுகுண்டு வெடியிலும் உள்ள அடித்தொனி அதில் வராது. போனில் தேறியவன் நிஜ இடிக்கு ஓடுவது அதனால்தான். கொஞ்சம் பெரிய ப்ளூடூத் ஸ்பீக்கர் நல்லது.

மிக்ஸிக்கும் இதே வழிதான். அவன் தூரத்து அறையில் இருக்கும்போது ஒரு நொடி ஓட்டி நிறுத்துங்கள், அங்கே ஒருவர் கோழி கொடுக்கட்டும். குக்கர் விசிலைக் கூட்டிக் குறைக்க முடியாது. விசில் வரும் நேரத்தில் கதவைச் சாத்தி எட்ட வைத்திருங்கள்.

இந்த ஒன்றரை மாதத்தில் கருப்பன் முழுசாகத் தேறிவிடுவான் என்று நான் சொல்லமாட்டேன். இந்தத் தீபாவளியில் பயம் இன்னும் மோசமாகாமல் காப்பாற்றினாலே பெரிய விஷயம். தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றுதான் வெடிக்க அனுமதி. நம் தெருக்கள் அந்த மணிக்கு அடங்குவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே முந்தின நாளிலிருந்தே நடைக்கு மத்தியானம் கூட்டிப்போங்கள், வார் இல்லாமல் வாசல்படி தாண்ட விடாதீர்கள். மிரண்டு ஓடிய நாய்கள் வழி தெரியாமல் தொலைவது இந்த நாட்களில் சகஜம். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். தெருவிலிருந்து தள்ளியுள்ள அறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் ஓடவிட்டு, தண்ணீர் வைத்து, கூடவே ஒருவர் இருங்கள். கட்டிப்போட வேண்டாம். காதில் பஞ்சும் வேண்டாம், உதறித் தள்ளிவிடுவான், இல்லையென்றால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

மாத்திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனிதர்களின் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிற வேலை கூடவே கூடாது. நாய்களுக்கென்று விற்கிற மயக்க மருந்துகளிலும் அசிப்ரோமசின் போன்றவை உடம்பைத்தான் தளர்த்தும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். பயத்தையே குறைக்கிற மருந்துகள் தனியாக உண்டு. எச்சில் ஒழுக நடுங்குவது, கதவைப் பிறாண்டுவது, சத்தம் நின்று வெகுநேரமாகியும் சாப்பிடாமல் இருப்பது என்று போனால், இரண்டு மூன்று வாரம் முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எடையைப் பார்த்து அளவு சொல்வார். அமைதியான ஒரு நாளில், அவர் சொன்ன அளவில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. சில குட்டிகளுக்கு எதிர்மாறாகத் துள்ளல் வரும், அது தீபாவளி ராத்திரியில் தெரியவரக் கூடாது.

மிச்ச வெடி தீபாவளிக்குப் பிறகும் தெருவில் வெடித்துக்கொண்டே இருக்கும், வடகிழக்குப் பருவமழை இடியும் சேர்ந்துகொள்ளும். அந்த நாட்களில் ஸ்பீக்கர் பயிற்சியை நிறுத்திவையுங்கள். நிஜ வெடி கேட்டால், தின்னும் நிலையில் இருந்தால் மட்டும் கோழி கொடுங்கள். தெரு அடங்கியபின், விட்ட இடத்திலிருந்து இல்லாமல் முதல் நாள் அளவிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.