பல் கலர் சிமெண்ட் அடைத்தால் ஓரத்தில் கசியுமா? பசை முழுதாக அடைக்காதா?

கசியலாம். எந்தப் பசையும் காலத்துக்கும் நூறு சதவீதம் அடைக்காது. நான் டாக்டர் இல்லை, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் பேஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். "டாக்டரைப் போய்ப் பார்" என்று கமெண்ட் போட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பசை எப்போது பிடிக்கும், எப்போது கைவிடும் என்பது என் சோறு.

தோலைச் சொரசொரப்பாக உரசாமல் சோல் ஒட்டினால் நிற்காது. பல்லிலும் அதே கதைதான். அடைப்பதற்கு முன் நீல ஜெல் தடவுகிறார்களே, அது சுமார் 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட். பல்லின் மேல் ஓடான எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை அரித்துவிடும், சிமெண்டைப் பல்லோடு பிடிக்கவைக்கும் பசை அதில் இறங்கி இறுகும். 1955-இல் புவோனோகோர் என்ற அமெரிக்கப் பல் டாக்டர் காட்டிய வழி இது.

உங்களுக்கும் கடைவாய்ப் பல்லில், இரண்டு பல் இடுக்கில்தான் அடைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான். முதலில் போன இடத்தில் பஞ்சு மட்டும் வைத்தார்கள். எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, மொத்த சிமெண்டையும் ஒரே அப்பாக அப்பி, இறுகவைக்கும் லைட்டை அடித்து அனுப்பிவிட்டார்கள். சில மாதத்தில் ஐஸ் தண்ணி பட்டாலே சுரீர். போய்க் கேட்டால் "வெத்தலை போடுவீங்களா?" என்கிறார்கள். நான் பாக்குகூடத் தொட்டதில்லை!

அப்புறம் வேலூரில் வேறொரு டாக்டர். ஓட்டை போட்ட ரப்பர் ஷீட்டைப் பல்லில் மாட்டி எச்சிலைத் தடுத்தார். இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் லைட் அடித்தார். சிமெண்ட் இறுகும்போது 2, 3 சதவீதம் சுருங்குமாம். எனாமல் ஓரம் அந்த இழுப்பைத் தாங்கிவிடும். ஈறுக்குக் கீழே வேர்ப் பக்கம் எனாமல் கிடையாது, உள்ளே இருப்பது டென்டின் என்ற ஈரமான உள் அடுக்கு. கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும் என்றார்.

இதற்கு அரை நாள் பர்மிஷன் போட்டேன். சூப்பர்வைசர் முழு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார். காட்பாடிப் பாலத்து நெரிசலில் நின்றது போதாதென்று இது வேறு. வருஷக்கணக்கில் ஓவர்டைம் பார்த்தது யார் கணக்கில் இருக்கிறது? சரி, விடுங்கள்.

புதிதாக அடைத்த பல் கொஞ்ச நாள் கூசுவது சகஜம். வாரக்கணக்கில் நீடித்தால் காட்டுங்கள். ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்த உடனே "உள்ளே சொத்தை, அடைத்ததைப் பிடுங்கி மறுபடி அடைக்கணும்" என்றால் முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வெறும் கறையாகவும் இருக்கலாம்.