மின்கட்டண ரசீதிலிருந்து தொடங்கலாம்

கேள்வி: பருவநிலை மாற்றத்துக்காக நம் ஊராட்சி ஏதாவது செய்யக்கூடாதா என்று கிராம சபையில் கேட்டேன். "அதெல்லாம் டெல்லியும் சென்னையும் பார்க்க வேண்டியது, நம்மால் மரக்கன்று நடத்தான் முடியும்" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சிற்றூரால் வேறெதுவும் முடியாதா?
- வாசகர் ஒருவர், தென்காசி மாவட்டம்

பதில்: சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 73ஆவது திருத்தத்தின் வழியே அரசமைப்பில் சேர்ந்த பதினொன்றாம் அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று குறிப்பிடும் 29 துறைகளில் மரபுசாரா எரிசக்தி, நீர் மேலாண்மை, சமூகக் காடுகள் ஆகிய மூன்றும் இருக்கின்றன. பணம்தான் தடை என்பீர்களானால், அதையும் தாண்டிய ஊர் ஒன்று உண்டு.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறையில், குடிநீர் மோட்டார்களுக்கும் தெருவிளக்குகளுக்குமான மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனது. ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்து மோட்டாரை ஓட்டும் 9 கிலோவாட் அமைப்பை முதலில் நிறுவினார்கள். அதன் பிறகு 2006இல், ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம் ரூபாயோடு வங்கிக் கடன் 1.15 கோடியைச் சேர்த்து, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி, ஊருக்குள் அல்லாமல் நல்ல காற்று வீசும் உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் நிறுத்தினார்கள். அது ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் மின்சாரம் தந்தது. ஊரின் தேவை 4.5 லட்சம் யூனிட் அளவுதான் என்பதால் மிச்சம் மின்வாரியத்துக்கு விற்பனையானது. காற்றாலையைவிட, ஓர் ஊராட்சி 40 லட்சத்தைச் சேர்த்து வைத்திருந்ததே என்னை வியக்க வைக்கிறது.

செங்கோட்டைக் கணவாய்க் காற்று உங்கள் மாவட்டத்துக்கும் வாய்த்திருக்கிறது என்றாலும், அவ்வளவு தொகைக்கு இப்போதே ஆசைப்பட வேண்டாம். கடந்த ஓராண்டின் மின்கட்டண விவரத்தை மோட்டார்வாரியாக அடுத்த கிராம சபையில் வைக்கச் சொல்லுங்கள். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் ஓடும் மோட்டாரும், காலை பத்து மணிக்கும் அணையாத தெருவிளக்கும் அந்தக் கணக்கில் அகப்படும். அவற்றைத் தீர்மானம் போட்டுச் சரிசெய்ய யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

கேள்வி: அப்படியானால் மரம் நடுவது வீண் வேலையா?
- வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: நட்ட கன்றுக்கு இரண்டு கோடை தண்ணீர் ஊற்றுபவர் யார் என்று முடிவாகாதவரை, அது புகைப்படத்துக்கு நடுவதுதான். கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில், கரிமச் சமநிலையை, அதாவது ஊர் வெளிவிடும் கரிம வாயுவின் அளவும் மரம், மண் போன்றவை உள்வாங்கும் அளவும் சமமாகும் நிலையை, எட்டுவதென்று 2016இல் திட்டம் தொடங்கிய மீனங்காடி ஊராட்சி இதற்கு வேறு வழி கண்டது. விவசாயி தன் நிலத்து மரத்தை அடகு வைத்து, மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் பத்தாண்டுகளுக்கு வட்டியில்லாக் கடன் பெறலாம். மரத்தை வெட்டினால்தான் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். காவல் காக்கும் பொறுப்பு இதனால் மரத்துக்கு உரியவரிடமே போய்ச் சேர்ந்துவிடுகிறது.