வாசகர் கேள்வி: மருத்துவக் கோப்பில் ஒரு வரி

கேள்வி: அமெரிக்க ராணுவத்திலிருந்து திருநர்களை வெளியேற்றுகிறார்களே, சிகிச்சைச் செலவு தாங்க முடியாததாலா? விதிவிலக்கு உண்டு என்றும் படித்தேன். அது யாருக்கு? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: செலவு என்பது வலுவில்லாத வாதம். 2016-ல் ராண்ட் ஆய்வு நிறுவனம் போட்ட கணக்கில், ஆண்டுக்குக் கூடுதல் செலவு 24 லட்சம் முதல் 84 லட்சம் டாலர். முழுநேரப் படையினரின் மருத்துவச் செலவில் இது 0.04 முதல் 0.13 சதவீதம்தான். சிகிச்சையால் களப்பணிக்குப் போக முடியாமல் போகக்கூடியவர்கள் ஆண்டுக்கு 29 முதல் 129 பேர். இந்தக் கணக்குக்குப் போதிய தரவு இல்லை என்று 2018-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் மறுத்தது. அரசின் முக்கிய வாதம் ‘போர்த்தயார்நிலை’ பற்றியது.

சிக்கலே மருத்துவக் கோப்பில்தான். 2016-ல் தடை நீங்கியபோது, பணியில் இருப்பவர் சிகிச்சை பெறவும் ஆவணத்தில் பாலினத்தை மாற்றவும் ராணுவ மருத்துவர் ‘ஜெண்டர் டிஸ்ஃபோரியா’ என்று எழுதித் தர வேண்டியிருந்தது. உடலின் பாலும் தான் உணரும் பாலும் ஒத்துப்போகாததால் வரும் உளைச்சலுக்கு அதுதான் பெயர். விதியை நம்பி எழுதி வாங்கிய அதே வரி, பென்டகனின் 2025 பிப்ரவரி 26 ஆணையில் தகுதியிழப்புக்குக் காரணமாகிவிட்டது. ட்ரம்ப்பின் முதல் ஆட்சியில் 2018-ல் அறிவித்த தடை, முன்பே எழுதி வாங்கியவர்களையாவது விட்டுவைத்தது. இப்போது அதுவும் இல்லை. மே 6-ல் உச்ச நீதிமன்றம், வழக்கு முடியும்வரை தடையை அமல்படுத்தலாம் என்றது.

விதிவிலக்கு கேட்பவர் தொடர்ந்து 36 மாதம் பிறப்புப் பாலினத்திலேயே உளைச்சலின்றி இருந்திருக்க வேண்டும்; மாற முயன்றே இருக்கக் கூடாது; பிறப்புப் பாலின விதிகளுக்கு உட்படச் சம்மதிக்கவும் வேண்டும். திருநராக வாழ்பவர் எவருக்கும் இது ஏட்டுச் சுரைக்காய்தான்.

தாமாக விலகுவோருக்கு ஜூன் 6 வரை கெடு கொடுத்தார்கள். (ரிசர்வ் படையினருக்கு ஜூலை 7.) பென்டகன் காட்டிய உதாரணப்படி, 10 ஆண்டு முடித்த சார்ஜென்ட் நிலை வீரர் தாமாகப் போனால் 1,01,628 டாலர், நீக்கப்பட்டால் சரிபாதி. தாமாக ‘விலகியவர்கள்’ எண்ணிக்கையைப் படிக்கும்போது இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: பிரித்திகா யாஷினி எஸ்.ஐ. ஆகிவிட்டாரே, நம் ராணுவத்திலும் திருநங்கைகள் சேரலாமா? (வாசகி, ஆம்பூர்)

பதில்: அவர் உயர் நீதிமன்றம் போய் வென்று 2017-ல் சேர்ந்தது தமிழ்நாடு காவல்துறை. ராணுவம் தனி. 1950-ம் ஆண்டின் ராணுவச் சட்டம் 12-வது பிரிவு, மத்திய அரசு அறிவித்த பிரிவுகளில் மட்டுமே பெண்கள் சேரலாம் என்கிறது. ஆண், பெண் தாண்டிய பேச்சே அதில் இல்லை. விசாகப்பட்டினத்தில் பணியாற்றிய கடற்படை மாலுமி ஒருவர் பாலின அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதால் 2017 அக்டோபரில் நீக்கப்பட்டார். வேலைவாய்ப்பில் பாகுபாடு கூடாது என்னும் திருநர் சட்டம் 2019-ல்தான் வந்தது. ஆனால் அரசியலமைப்பின் 33-வது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. எனவே கோர்ட்டுக்குப் போகிறவர் முதலில் தாண்ட வேண்டியது அந்தப் பிரிவைத்தான்.