வாசகர் கேள்வி–பதில்: கோர்டெஸ் கடலில் கயாக்கும் ஈட்டியும்

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள் சான் டியாகோவில் வேலை செய்கிறோம். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில் லொரேட்டோவிலிருந்து லா பாஸ் வரை கயாக்கில் சென்று, வழியில் மூச்சடக்கி மூழ்கி ஈட்டியால் மீன் பிடித்துச் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. விடுமுறை கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் கிடைக்கும். போகலாமா?

பதில்: ஆசையில் குறையில்லை, மாதத்தில்தான் குறை. கரையோரமாகவே போனாலும் அந்த வழி 200 கிலோமீட்டருக்கு மேல் நீளும். ஹிகாந்தா மலைத்தொடர் பல இடங்களில் நேராகக் கடலில் இறங்குவதால், காற்று எழுந்தவுடன் ஒதுங்கலாம் என்றால் ஒதுங்க மணற்கரை இருக்காது. ஆகுவா வெர்தே போன்ற ஓரிரு சிற்றூர்களை விட்டால் உதவிக்கு ஆள் கிடைப்பதும் அரிது. குளிர்காலத்தில் வாடைக்காற்று தொடங்கினால் இரண்டு மூன்று நாள் விடாமல் வீசும். கோர்டெஸ் கடல் எனும் நீண்டு குறுகிய அந்த வளைகுடாவின் நெடுக்கிலேயே அது வருவதால், அலைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு செங்குத்தாக எழும்பிக் கயாக்கை அலைக்கழிக்கும். நீரும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கிவிடும் என்பதால், வெப்பக் கடல் என்று நம்பி மெல்லிய உடையோடு இறங்குபவர் அரை மணி நேரத்தில் நடுங்கத் தொடங்குவார். நடுங்கும் உடல் மூச்சை வீணாகச் செலவழிக்கும்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நீர் இதமாக இருக்கும், ஆனால் அது புயல் காலம். 2014 செப்டம்பரில் ஒடில் புயல் தீபகற்பத்தின் தென்முனையைத் தாக்கியது. அக்டோபர் பிற்பாதியும் நவம்பர் தொடக்கமும்தான் என் பரிந்துரை: புயல் பயம் பெரும்பாலும் விலகியிருக்கும், வாடை முழு வேகம் எடுத்திருக்காது, நீரில் வெப்பம் மிச்சமிருக்கும். அப்போதும் முழு வழியையும் கடந்தே தீருவது என்று கிளம்பாதீர்கள். நாள்கணக்கு நெருக்கும்போது காற்றிலும் துடுப்புப் போடத் தோன்றும், களைப்போடு நீரில் இறங்கவும் தோன்றும். ஒரே விரிகுடாவில் முகாமிட்டு, விடியலில் புறப்பட்டு, காற்று ஏறும் முன் கரை சேர்வதே மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஏற்றது.

கேள்வி: நீச்சல் குளத்தில் இரண்டு நிமிடம் மூச்சடக்குகிறேன். மூழ்கும் முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு இழுத்துவிட்டால் இன்னும் அரை நிமிடம் கூடுகிறது. கடலிலும் இதையே செய்யலாமா?

பதில்: செய்யவே கூடாது. கடிதத்தின் மற்ற வரிகளைவிட இந்த வரிதான் என்னைக் கலங்க வைத்தது.

மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைத் தருவது முதன்மையாக இரத்தத்தில் சேரும் கரியமில வாயு. ஆக்சிஜன் குறைவதை உடல் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. வேகமாக மூச்சு வாங்கும்போது கரியமில வாயு வெளியேறிவிடுகிறது, ஆக்சிஜனோ குறிப்பிடும்படி கூடுவதில்லை. ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் அந்த அரை நிமிடம் கூடுதல் மூச்சு அல்ல, எச்சரிக்கை மணியை அணைத்து வைத்த நேரம். ஆழம் இதை மேலும் மோசமாக்குகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இரு மடங்காக இருப்பதால், நுரையீரலில் மிச்சமுள்ள ஆக்சிஜன் அங்கே போதுமானதாக இருக்கும், உடலும் தெம்பாகவே உணரும். மேலே வர வர அழுத்தம் பாதியாகக் குறைகிறது, ஆக்சிஜனின் அழுத்தமும் கூடவே சரிகிறது, கடைசிச் சில மீட்டரில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்புகிறது. நல்ல நீச்சல்காரர்களும் இப்படித்தான் இறக்கிறார்கள், பெரும்பாலும் பார்த்துக்கொள்ள ஒருவரும் அருகில் இல்லாத நேரத்தில்.

எனவே ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் மேலே இருந்தே ஆக வேண்டும். மேலே இருப்பவர் வேறு மீனைத் தேடக் கூடாது. முகமூடியை நீருக்குள் வைத்து நண்பரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் மேலே வந்ததும் வேலை முடிந்துவிடாது, ஏனெனில் முதல் மூச்சு இழுத்த பிறகும் நினைவு தப்புவது உண்டு. வந்தவர் வாய்க்குழாயை எடுத்துவிட்டு, சட்டென்று மூச்சு இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, மெல்ல விட்டு, மறுபடி இழுக்க வேண்டும். பார்ப்பவர் அரை நிமிடம் வரை அவர் உதட்டு நிறத்தையும் கண்ணையும் கவனிக்க வேண்டும். உதடு நீலம் பாய்ந்து, தலை ஆடி, கண் நிலைகுத்தினால் உடனே எடைப்பட்டையைக் கழற்றிவிட்டு, முகத்தை நீருக்கு மேல் தாங்கி, முகமூடியை அகற்றி, கன்னத்தைத் தட்டிப் பெயர் சொல்லி அழைத்து மூச்சு விடச் சொல்ல வேண்டும். அதற்கும் மூச்சு வரவில்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். இதை மூவரும் பயிற்சியாளரிடம் கற்று, குளத்தில் பழகிய பிறகு புறப்படுங்கள். மூழ்கியிருந்த நேரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு நேரம் மேலே ஓய்வெடுங்கள். 10 மீட்டரில் மிதக்கவும் அமிழவும் செய்யாத அளவுக்கு மட்டுமே ஈயம் கட்டினால், மேற்பரப்பில் நினைவிழந்தாலும் உடல் மிதக்கும்.

கேள்வி: கயாக்கை நங்கூரமிட்டு மூவரும் ஒரே நேரத்தில் இறங்கலாமா? ஈட்டித் துப்பாக்கியை எங்கே ஏற்றுவது?

பதில்: ஒருவர் கயாக்கிலேயே இருக்கட்டும். காலியான கயாக்கை நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று பிடித்துவிட்டால் எவ்வளவு வேகமாக நீந்தினாலும் எட்டிப் பிடிக்க முடியாது. அதில்தான் குடிநீரும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியும் இருக்கின்றன. அவர் சிவப்பில் வெள்ளைக் குறுக்குப்பட்டை போட்ட முக்குளிப்போர் கொடியை ஏற்றி வைத்திருந்தால், பங்கா எனப்படும் அப்பகுதி மீனவர் படகுகள் விலகிப் போகும்.

துப்பாக்கியின் ரப்பரை நீருக்குள் இறங்கிய பிறகே இழுத்து மாட்டுங்கள், ஏறும் முன் நீரிலேயே கழற்றிவிடுங்கள். மீனை இடுப்பில் கோத்துக்கொண்டு நீந்தாமல் உடனே கயாக்கில் போட்டுவிட்டால் சுறாவை அழைத்ததாக ஆகாது. ஈட்டிபட்ட மீன் பாறை இடுக்கில் புகுந்து கயிறு சிக்கினால் துப்பாக்கியை விட்டுவிட்டு மேலே வாருங்கள், அடுத்த மூச்சில் போய் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என்ன மீன் கிடைக்கும்? லா பாஸுக்குத் தெற்கே காபோ புல்மோவில் மீன் மொய்க்கிறது என்கிறார்களே, அங்கே பிடிக்கலாமா?

பதில்: காபோ புல்மோவில் ஈட்டியை எடுக்கவே கூடாது. 1995இல் தேசியப் பூங்காவான பின் அங்கத்திய மீனவக் குடும்பங்களே மீன்பிடிப்பைக் கைவிட்டுக் காவல் காத்ததால்தான், 1999க்கும் 2009க்கும் இடையே மீன்களின் மொத்த எடை 460 விழுக்காட்டுக்கு மேல் பெருகியது. முகமூடி மட்டும் போட்டுக்கொண்டு ஒருநாள் போய்ப் பாருங்கள், பயணத்திலேயே அதுதான் சிறந்த நாளாக அமையக்கூடும். லொரேட்டோ விரிகுடாவும் 1996 முதல் தேசியப் பூங்கா. எங்கே என்ன தடை என்று ஊரிலுள்ள பூங்கா அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே கடலில் இறங்குங்கள்.

மெக்சிகோவில் மூவருக்கும் மீன்பிடி உரிமம் வேண்டும். காற்றுக்கலன் அணிந்து ஈட்டி எறியக் கூடாது; மூச்சடக்கி மூழ்கி, ரப்பர் அல்லது சுருள்வில் விசையுள்ள ஈட்டியால் நாளொன்றுக்கு ஐந்து மீன் வரை பிடிக்கலாம், விற்கக் கூடாது. கடலாமையும் தொத்துவாபா என்ற மீனும் கண்டிப்பாகத் தடை.

காப்ரியா எனும் புள்ளிக் களவா, பார்கோ எனும் சங்கரா வகை மீன், நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவான சியெரா ஆகியவை கிடைக்கும். களவாக்கள் வசந்த காலத்தில் ஒரே இடத்தில் கூட்டமாகக் கூடி முட்டையிடுபவை. அந்தக் கூட்டத்தில் ஈட்டி எறிவதைச் சட்டம் அனுமதிக்கிற இடத்திலும் நான் சரியென்று சொல்ல மாட்டேன். பாயா என்ற பெரிய களவாவும் அழிவின் விளிம்பில் இருப்பதால் அதை விட்டுவிடுங்கள். மூவர் இரவுச் சாப்பாட்டுக்கு நடுத்தர மீன் ஒன்றே போதும்.

கேள்வி: கரையில் கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் குடிநீர், அதற்கு மேல் இரண்டு நாளைக்கான சேமிப்பு. மணல் திட்டில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடந்தால் புதைந்திருக்கும் திருக்கை விலகிவிடும். முள் குத்திவிட்டால், தோல் பொறுக்கும் அளவு சூடான நீரில் ஒரு மணி நேரமாவது காலை வைத்திருங்கள், வலி தணியும். ஆழமாகக் குத்தியிருந்தாலோ மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலோ முள்ளைப் பிடுங்காமல் உடனே உதவி கோருங்கள்.