குட்டை ஒரே மழையில் நிறைந்தது நல்ல செய்தியா?

கேள்வி: ஐந்து ஏக்கர் நிலத்தின் தாழ்ந்த மூலையில் 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்டினேன். வெளிநீர் வராமலே ஒரே மழையில் நிரம்பியது. ஆனால் 15 நாளில் வற்றிவிட்டது. அடியில் 500 மைக்ரான் பிளாஸ்டிக் தாள் விரித்தால் 12 லட்சம் லிட்டர் அப்படியே நிற்கும் என்கிறார் விற்பனையாளர். ஆழ்துளைக் கிணற்று நீரின் மின்கடத்துதிறன், அதாவது உப்பின் அளவைக் காட்டும் எண், மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸ். மிளகாய் இலைகளின் ஓரம் கருகுகிறது. பருவந்தோறும் ரொட்டவேட்டர் (மண்ணைப் பொடியாக்கும் சுழல்கலப்பை) ஓட்டி நிலத்தை நன்றாகவே தயார் செய்கிறேன். கடன் வாங்கித் தாள் விரிக்கலாமா?

பதில்: 20, 20, 3 ஆகியவற்றைப் பெருக்கினால் 12 லட்சம் வரும், ஆனால் குட்டையின் கரை சுவர்போலச் செங்குத்தாக நிற்பதில்லை. ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் சரிவு விட்டிருந்தால் அடிப்பரப்பு 11க்கு 11 மீட்டர்தான். கொள்ளளவு ஏறத்தாழ 7.4 லட்சம் லிட்டர். இந்தக் கணக்கைக்கூடப் போடாமல் தாள் விற்க வருபவரிடம் நான் கடனுக்கு எதையும் வாங்க மாட்டேன்.

நாளொன்றுக்கு 20 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. வெயில் குடிப்பது அதில் ஒரு சென்டிமீட்டர்கூட இராது, மீதி கசிவு. தாள் அதை நிறுத்தும் என்பது உண்மையே. இலை ஓரம் கருகுவது உப்பின் வேலையாக இருக்கலாம்; உங்கள் கிணற்று நீர் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 2 கிலோ உப்பைக் கொண்டுவருகிறது. சரிபாதி மழைநீர் கலந்தால் அது பாதியாகும். அந்தச் சேமிப்பை நாற்றுக்கும் இளம் பயிருக்கும் ஒதுக்குவதானால் தாளுக்கு நியாயம் உண்டு. ஆனால் கிணறு அருகில் இருந்தால், கசியும் நீர் அதற்கு ஊறுகிறதா என்று மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தை அளந்து பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. வெளிநீர் இல்லாமல் குட்டை நிரம்பியது என்றால், உங்கள் நிலம் முழுவதிலிருந்தும் சுமார் 37 மில்லிமீட்டர் மழை மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவந்திருக்கிறது. அதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நோயின் அறிகுறி. மணலும் களியும் கலந்த இருமண்பாட்டு நிலம் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் பயிருக்கு உதவும் நீராக ஏறத்தாழ 90 மில்லிமீட்டரைப் பிடித்து வைக்கும். ஐந்து ஏக்கருக்கு அது 18 லட்சம் லிட்டர், அதாவது குட்டையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதற்குத் தாளும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம்.

அந்த மழை ஏன் மண்ணுக்குள் இறங்கவில்லை? ரொட்டவேட்டர்மீதுதான் என் சந்தேகம். மழை பெய்த மறுநாள் விரல் கனமுள்ள இரும்புக் கம்பியை வயலில் அழுத்துங்கள். பதினைந்து, இருபது சென்டிமீட்டரில் கம்பி தட்டி நின்றால் அங்கே தோண்டுங்கள்; மிளகாயின் ஆணிவேர் அந்த இடத்தில் பக்கவாட்டில் மடங்கியிருக்கும். மேலே மாவாகப் பொடித்து அடியில் கெட்டியான தளம் போட்டுவைக்கும் கருவியை நிலத்தயாரிப்பு என்று சொல்லவே எனக்கு மனம் வருவதில்லை. மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, சரிவுக்குக் குறுக்காக, 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உளிக்கலப்பை ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் தளம் உடையாது, கொழு வழுக்கிக்கொண்டுதான் போகும். வரப்புகளையும் சரிவுக்குக் குறுக்கே போட்டு, பயிர்க்கழிவுகளை எரிக்காமல் மூடாக்காகப் பரப்புங்கள்.

வயலிலேயே இறங்கும் மழை உப்பையும் கழுவும். 30 சென்டிமீட்டர் நீர் 30 சென்டிமீட்டர் மண்ணைக் கடந்து இறங்கினால் அதிலுள்ள உப்பில் ஏறத்தாழ 80 சதவீதம் வெளியேறும். ஆனால் மண்ணில் சோடியம் ஏறியிருந்தால் தூய மழைநீரே களிமண்ணைக் கரைத்து மேற்பரப்பை அடைத்துவிடும். தேங்கிய நீர் நாள்கணக்கில் தெளியாமல் கலங்கலாக நிற்பது அதன் அடையாளம். ஆகவே மண்பரிசோதனையில் சோடியத்தையும் பார்க்கச் சொல்லி, தேவையென்றால் மழைக்கு முன்பே ஜிப்சம் இடுங்கள்.

குட்டையின் அடியில் படிந்த வண்டலை அள்ளி மேட்டுப்பகுதியில் பரப்பிவிடுங்கள். அங்கிருந்து அரித்து வந்ததுதான் அது. நீர் நுழையும் வாயிலில் ஒரு வண்டல் குழியும் வெட்டுங்கள். தாளைப் பற்றி ஒரு மழைக்காலம் கழித்து யோசிக்கலாம்.